சீட்டுக்கு அடியில் இருந்த வயர்

ஜெயப்பிரியா வண்டியில் ஏறுவதற்கு முன் சீட்டைத் தூக்கிப் பார்ப்பாள். மழையானாலும் வெயிலானாலும், எவ்வளவு அவசரமானாலும், பார்க்காமல் ஏறியதே இல்லை. இடது கையால் சீட்டைப் பின்பக்கமாகப் பிடித்துத் தூக்கி, குனிந்து, வலது கையின் இரண்டு விரல்களால் உள்ளே எதையோ தொட்டு, லேசாக இழுத்துப் பார்த்து, சத்தம் வராமல் இறக்கி வைப்பாள். செண்பகனூரில் அந்த கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிறவர்கள் பல வருஷமாக இதைப் பார்த்துவருகிறார்கள்.

"என்ன புள்ள, கோழி முட்டை வச்சிருக்கா?" என்று அழகம்மாள் கேட்பாள். கேட்காத நாள் கிடையாது.

"இன்னைக்கு அடைக்கு உக்காந்திருக்குக்கா" என்பாள் ஜெயப்பிரியா, முகத்தைத் திருப்பிக்கொண்டு. அவளுக்குத் தெரிந்த ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான். மற்றபடி வாய் திறக்க மாட்டாள். நாலு பேர் நிற்கிற இடத்தில் அவள் ஐந்தாவதாக நிற்பதே யாருக்கும் தெரியாது. ஆனால் நிற்கிற நாலு பேரும் என்ன செய்தார்கள் என்று கேட்டால் அவள் ஒருத்திக்குத்தான் முழுசாகத் தெரிந்திருக்கும்.

அந்த வண்டி புல் வெட்டுகிற வண்டி. மேலே உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்து ஓட்ட வேண்டும். வயிற்றுக்கு அடியில் பிளேடு சுற்றிக்கொண்டே வரும். கெஸ்ட் ஹவுஸுக்கு முன்னால் இருக்கிற புல்தரை, மேல்பாதி சமமாகவும் கீழ்ப்பாதி பஸ் போகிற ரோட்டை நோக்கிச் சரிவாகவும் இருக்கும். கையால் தள்ளுகிற மெஷினை வைத்துக்கொண்டு அந்தச் சரிவில் ஒன்றும் ஆகாது என்றுதான் இந்த வண்டியை எங்கிருந்தோ பழையதாக வாங்கி வந்தார்கள். முதலில் ஓட்டியவர் சின்னக்கருப்பன். ஆள் நல்ல பாரி உடம்பு. அவர் ஏறினால் வண்டியே ஒரு முறை பெருமூச்சு விடும். அவருக்கு முட்டி போய், அய்யம்பாளையத்தில் மகன் வீட்டோடு போய்விட்டபோது, பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்த ஜெயப்பிரியா, "நான் ஓட்டுறேன் சார்" என்று மேனேஜர் கோகுல்ராஜிடம் சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே இன்றுவரை விளங்கவில்லை. கவுஞ்சியில் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பூண்டுக் காட்டுக்குப் போனவள். சின்னக்கருப்பன் ஓட்டுவதைத் தினமும் களையெடுத்தபடியே பார்த்திருந்தாள், அவ்வளவுதான்.

ஏறி உட்கார்ந்து ஓட்டப் பார்த்தால் வண்டி நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்தால் மறுபடி நின்றது. வத்தலக்குண்டிலிருந்து வந்த மெக்கானிக் செல்வமுருகன் சீட்டைத் தூக்கிக் காட்டினான். அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச். ஆள் உட்கார்ந்தால் சீட்டு இறங்கி அதை அமுக்கும். ஆள் எழுந்தால் ஸ்விட்ச் விடும், இஞ்சின் அணைந்துவிடும். ஓட்டுகிறவர் விழுந்தாலோ இறங்கினாலோ பிளேடு தானாகச் சுற்றக் கூடாது என்பதற்காக வைத்தது. ஜெயப்பிரியாவின் எடை அந்த ஸ்விட்சுக்குப் போதவில்லை.

கொஞ்ச நாள் கவுஞ்சி விதை உருளைக்கிழங்கு ஒரு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினாள்.

"அது யாரு புள்ள மடியில, தலைச்சனா?" என்றாள் அழகம்மாள். தோட்டமே சிரித்தது. ஜெயப்பிரியாவுக்கு முகம் எரிந்தது.

அடுத்த முறை வந்தபோது செல்வமுருகன் ஸ்விட்சுக்குப் போகிற பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளக்கின் இரண்டு வாயையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து டேப் சுற்றினான். "இனிமே வண்டி எப்பவும் ஆள் உக்காந்திருக்குன்னே நெனச்சுக்கும்க்கா" என்றான். உருளைக்கிழங்கு மூட்டை வீட்டுக்குப் போனது. வண்டி ஓடியது. எல்லோருக்கும் நிம்மதி.

அழகம்மாள் அங்கே வேலைக்காரி இல்லை. பக்கத்துச் சந்தில் குடியிருப்பவள், புருஷன் இல்லை, ஒரு மாடு உண்டு. பாலை ரோட்டோரத்து டீக்கடைக்கு ஊற்றுவாள். சோலைப்பக்கம் போய்ப் புல் அறுக்க முடியாது, காட்டுமாட்டுக் கூட்டம் நிற்கும். அதனால் ஜெயப்பிரியா வெட்டுகிற புல்லைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போவாள். வண்டி முன்னால் போகும், அவள் பின்னாலேயே வருவாள். அந்த மாடு முழுக்க முழுக்க அந்தப் புல்தரையில்தான் வளர்ந்தது என்று சொல்லலாம்.

அன்றைக்கு மூடுபனி இறங்கியிருந்தது. சரிவு தொடங்குகிற இடத்தில் வெட்டிக்கொண்டு வந்தபோது தண்ணீர்க் குழாய் ஒன்று குறுக்கே கிடந்தது. ஜெயப்பிரியா பிரேக்கை மிதித்துக் கொக்கியில் மாட்டிவிட்டு இறங்கினாள். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, பிளேடும்தான். குழாயைச் சுருட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது வண்டி அவள் விட்ட இடத்தில் இல்லை.

கொக்கி தேய்ந்திருந்தது, பிரேக் பெடல் அதிலிருந்து நழுவிவிட்டது. ஈரப் புல்லில் வண்டி சரிவைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் போனது. கீழே, பனிக்குள் முதுகைக் காட்டிக் குனிந்து புல் அள்ளிக்கொண்டிருந்தாள் அழகம்மாள். தினமும் கேட்கிற அதே இஞ்சின் சத்தம். அவள் ஏன் திரும்பிப் பார்க்கப்போகிறாள்?

ஜெயப்பிரியா ஓடினாள். கத்த வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. வாழ்நாளெல்லாம் அடக்கியே வைத்த குரல் அந்த நேரத்தில் வர மறுத்தது. பேரிக்காய் மரத்தைச் சுற்றி அடுக்கிய கல்லில் முன்சக்கரம் ஒன்று மோதி, வண்டி ஒரு பக்கமாகத் திரும்பி முட்டிக்கொண்டு நின்றது. பிளேடு எதையோ கரகரவென்று கடித்தது. அவள் எட்டிப்பிடித்துச் சாவியைத் திருப்பினாள்.

கடித்தது புல் சாக்கு. அழகம்மாளின் காலுக்கும் வண்டிக்கும் நடுவில் இருந்தது அந்தச் சாக்கு ஒன்றுதான்.

அழகம்மாள் சாக்கைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். "என் சாக்கைத் தின்னுருச்சே உன் வண்டி. மாட்டுக்கு மிச்சம் வைக்கலயா?" என்றாள். சொல்லிவிட்டு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை.

கோகுல்ராஜ் கெட்டவர் இல்லை. ஓடி வந்து பார்த்து அவரும் பயந்துபோனார். அதனாலேயே வெரசாக ஒரு முடிவு எடுத்துவிட்டார். "நாளையிலேர்ந்து அந்தம்மா உள்ள வர வேண்டாம். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"சார், வண்டிய..." என்றாள் ஜெயப்பிரியா.

"வண்டிக்கு என்ன? நல்லாத்தானே ஓடுது."

அதுதான் சார் தப்பு என்று சொல்ல நினைத்தாள். நிற்க வேண்டிய நேரத்திலும் நல்லா ஓடுது. ஆனால் நினைத்ததைச் சொல்வதற்குள் அவர் படியேறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவளுக்கு வண்டிப் பக்கம் போகவே கால் வரவில்லை. கண்ணை மூடினால் பனிக்குள் குனிந்த ஒரு முதுகு. வீட்டில் குழம்பு கொதிக்கிற சத்தம்கூட இஞ்சின் சத்தமாகக் கேட்டது. புருஷன் ஞானவேல், "ஓட்ட மாட்டேன்னு சொல்லிட்டுப் பழையபடி களை எடு" என்றான். அவள் அதையும் யோசித்துப் பார்த்தாள். அவள் ஓட்டாவிட்டால் வேறு யாரோ ஓட்டுவார்கள், அதே வயரோடு. அவள் ஓட்டினாலும் அதே வயர்தான். அழகம்மாள் வாசலிலேயே நிற்பாள், மாடு வற்றும். மாடு வற்றினால் அவளுக்கு வேறு வழியில்லை. எப்படிச் சுற்றி வந்தாலும் அந்தத் துண்டு வயரிலேயே வந்து நின்றது.

செல்வமுருகனுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, மண் சரிஞ்சு இந்தப் பக்கத்து ரோடு அடைஞ்சு கெடக்கு. இப்ப மேல வர முடியாது. அந்த வயரை எடுத்தா நீங்க உக்காந்தா வண்டி ஓடாதேக்கா, அதுக்குத்தானே சேத்துவிட்டேன்?"

"நானே எடுக்கலாமா?"

அவன் படிப்படியாகச் சொன்னான். "பேட்டரில கறுப்பு வயரை மொதல்ல கழட்டிருங்க. திரும்ப மாட்டும்போது அதைத்தான் கடைசியா மாட்டணும். ஸ்பானர் ரெண்டு முனையையும் சேத்துத் தொடக் கூடாது. பயமா இருந்தா விட்டுருங்கக்கா."

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கோகுல்ராஜிடம் போய் நின்றாள். அவர் தலை நிமிர்ந்து பார்க்கும்வரை நின்றாள்.

"பண்ணுங்க" என்றார் அவர். "ஆனா சனிக்கிழமை கல்யாண பார்ட்டி வருது. அதுக்குள்ள லான் வெட்டியிருக்கணும். வண்டி ஓடலைன்னா நான் வெளிய இருந்து ஆளையும் மெஷினையும் வரச் சொல்லிருவேன். பெறகு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

வெளி ஆள் வந்தால் வெட்டின புல்லையும் அவனே ஏற்றிக்கொண்டு போவான். அது அவளுக்கும் தெரியும், வாசலில் நின்ற அழகம்மாளுக்கும் தெரியும்.

மறுநாள் வெள்ளனே ஷெட்டைத் திறந்தாள். குளிருக்கு இஞ்சினை மூடி வைத்த சாக்கை எடுத்தாள். மலையில் எல்லோரும் செய்வதுதான், பனி இறங்காமல் இருக்கட்டும் என்று போட்டு மூடுவது. சாக்குக்கு அடியில், இஞ்சின் மேட்டில், காய்ந்த புல்லும் சணல் நாருமாக எலி ஒன்று கூடு கட்டி வைத்திருந்தது. குஞ்சு இல்லை. கூட்டைத் தள்ளியதும் ஒரு வயரின் மேல்தோல் கடிபட்டு உள்ளே செம்புக் கம்பி பளிச்சென்று தெரிந்தது. இன்னும் எங்கெங்கே கடித்திருக்கிறதோ.

கறுப்பு வயரை முதலில் கழற்றினாள். கழற்றிய முனையை ஒரு துணியில் சுற்றி ஓரமாக வைத்தாள், பாம்பின் தலையை ஒதுக்கி வைப்பதுபோல. பிறகு சாவிப் பக்கம் தொடங்கி ஒவ்வொரு வயராக விரலால் தடவிக்கொண்டே வந்தாள். பிரேக் பெடலுக்குப் போகிறது ஒன்று. பிளேடு நெம்புகோலுக்குப் போகிறது ஒன்று. இஞ்சினுக்குப் போகிறது ஒன்று. எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்து மனசில் வைத்துக்கொண்டாள். எலி கடித்த இடத்தில் டேப் சுற்றினாள். சீட்டைத் தூக்கினாள்.

செல்வமுருகன் சுற்றிய டேப் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. பிரித்தாள். துண்டு வயர் வந்துவிட்டது. இவ்வளவுதானா? ஒரு ஜாண்கூட இல்லை. அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். தொங்கிக்கொண்டிருந்த பிளக்கின் வாயில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஊதி, மறுபடி தேய்த்து, ஸ்விட்சில் மாட்டி அமுக்கினாள். 'டிக்' என்றது. கடைசியாகக் கறுப்பு வயர்.

ஏறி உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, சாவியைத் திருப்பினாள்.

'டக்' என்று ஒரு சத்தம். வேறொன்றும் இல்லை.

இன்னொரு முறை. டக்.

ஓடிக்கொண்டிருந்த வண்டியைக் கெடுத்துவிட்டோம் என்றுதான் முதலில் தோன்றியது. சனிக்கிழமை, கல்யாணம், கோகுல்ராஜ், ஞானவேல் சொன்னது, எல்லாம் சேர்ந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தன. வாசலில் அழகம்மாள் கம்பிக் கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை. வரக் கூடாது என்று சொல்லியிருந்ததை அவள் ஒழுங்காக மதித்தது ஜெயப்பிரியாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"என்ன புள்ள, பேசுதா?"

"டக்குங்குதுக்கா."

"உன்னை மாதிரியே இருக்கு. ஒரு வார்த்தைக்கு மேல வராது."

ஜெயப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் நெஞ்சில் பாரம் கொஞ்சம் குறைந்தது. இறங்கிப் பேட்டரியைப் பார்த்தாள். கறுப்பு வயர் உட்கார்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பிடித்திருந்தது. அதன் மேலேயே மாட்டியிருக்கிறாள். செல்வமுருகன் இதில் வெந்நீர் ஊற்றிக் கழுவியதை முன்னொரு தடவை பார்த்தது ஞாபகம் வந்தது. சமையல்கட்டிலிருந்து வெந்நீர் வாங்கி வந்து, கழற்றி, கழுவி, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டினாள்.

இஞ்சின் பிடித்துக்கொண்டது.

சந்தோஷம் ஒரு மூச்சு நேரம்கூட இல்லை. பிரேக்கை மிதித்திருக்கும்வரைதான் ஓடியது, காலை எடுத்ததும் அணைந்துவிட்டது. பழைய கதை. அவள் உட்கார்ந்திருப்பதை வண்டி ஒப்புக்கொள்ளவில்லை. சீட்டில் எம்பி எம்பி உட்கார்ந்தாள். முன்னால் நகர்ந்தாள், பின்னால் நகர்ந்தாள். ஒன்றும் ஆகவில்லை. திரும்பவும் உருளைக்கிழங்கு மூட்டையா? சரிவில் மூட்டையோடு சாய்ந்தால்?

சீட்டைத் தூக்கிக் கீழே பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டு ஸ்பிரிங். அதற்கு நடுவில் கறுப்பாகத் தடித்த ஒரு ரப்பர். எத்தனையோ தடவை பார்த்ததுதான். வண்டியோடு வந்தது என்று நினைத்திருந்தாள். செல்வமுருகனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஆனால் இன்றைக்கு அதன் ஓரத்தைப் பார்த்தபோது கத்தியால் கோணல்மாணலாக அறுத்த மாதிரி இருந்தது. கம்பெனிக்காரன் இப்படியா அறுப்பான்?

சின்னக்கருப்பனுக்குப் போன் போட்டாள்.

"யாரு, பிரியாவா? என்ன தாயி, வண்டி இன்னும் உசுரோட இருக்கா?"

"அண்ணே, சீட்டுக்கு அடியில ஒரு ரப்பர் கெடக்கு."

"அதா! நாந்தான் தாயி வச்சேன். நான் உக்காந்தா சீட்டு அமுங்கிப் போய்க் கீழ தகரத்துல இடிக்கும். முதுகு விட்டுப்போகும். லாரி டயர்ல ஒரு துண்டை அறுத்துத் திணிச்சேன். என் வெயிட்டுக்கு அது சரி. நீங்க எடுக்கலையா அதை?"

"தெரியாதுண்ணே."

"நான் சொல்லிட்டுல்ல வந்தேன்?"

"சொல்லலண்ணே."

"அப்ப மறந்துட்டேன் போல. ஏன் தாயி, ஏதும் ஆகிருச்சா?"

"ஆகலண்ணே" என்றாள். "ஆகப் பாத்துச்சு."

ஸ்குரூ டிரைவரை உள்ளே விட்டு நெம்பி ரப்பரை எடுத்தாள். லேசில் வரவில்லை. வந்தபோது முழங்கையைக் கிழித்துக்கொண்டு வந்தது. சீட்டைக் கையால் அமுக்கிப் பார்த்தாள். மெத்தென்று இறங்கியது. அடியில் ஸ்விட்ச் 'டிக்' என்றது.

ஏறினாள். ஸ்டார்ட் செய்தாள். பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். அணையவில்லை. சமதரையில் கொஞ்ச தூரம் ஓட்டி, பிளேடு நெம்புகோலைத் தள்ளினாள். புல் பறந்தது. அவள் பயந்த இடம் இனிமேல்தான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சீட்டை விட்டு எழுந்தாள், பாதிதான் எழுந்தாள்.

இஞ்சின் அணைந்தது. பிளேடு ஒரு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது. ரோட்டில் டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது கேட்டது.

நம்ப முடியாமல் இன்னொரு முறை செய்தாள். அதற்குப் பிறகும் செய்தாள். ஒவ்வொரு முறையும் எழும்போது நெஞ்சு திக்கென்றது. ஒவ்வொரு முறையும் வண்டி நின்றது. சாயங்காலம் கோகுல்ராஜைக் கூப்பிட்டு அவர் முன்னாலும் செய்து காட்டினாள். பேசவில்லை, எழுந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள். அவர் புரிந்துகொண்டார்.

"சரி" என்றார். "ஆனா வண்டி ஓடும்போது அந்தம்மா பக்கத்துல நிக்கக் கூடாது. வெட்டி முடிச்சு, இஞ்சின் நின்ன பெறகு வரட்டும். பிரேக் கொக்கியையும் மாத்தச் சொல்லுங்க. அதுவரைக்கும் சரிவுல வண்டிய நிறுத்துனா சக்கரத்துக்கு ஒரு கட்டையப் போடுங்க."

கேட்டுப் பக்கமிருந்து அழகம்மாளின் குரல் வந்தது. "சார், என் சாக்குக்கு ஒரு சாக்கு குடுத்துருங்க. மத்தபடி எனக்கும் சம்மதம்."

கல்யாணத்துக்குப் புல்தரை வெட்டியாகிவிட்டது. கீழ்ச்சரிவை வெட்டும்போது ஜெயப்பிரியா தன் கழுத்து வலிக்கும்வரை பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், அங்கே யாரும் இல்லை என்று தெரிந்தும்.

ரோடு திறந்ததும் செல்வமுருகன் வந்து கொக்கியை மாற்றித் தந்தான். அவள் மாட்டியதையெல்லாம் பார்த்தான். எலி கடித்த இடத்தில் சுற்றிய டேப்பைப் பிரித்து, வேறு வயர் போட்டுச் சேர்த்து, மறுபடி சுற்றினான். "நானும் அந்த ரப்பரைப் பாத்தேன்க்கா, என்னன்னு கேக்கத் தோணலை" என்றான்.

இப்போதும் அந்த வண்டிதான். சீட்டுக்கு அடியில் பிளக் ஸ்விட்சில் மாட்டியபடி இருக்கிறது. எலிகள் ஷெட்டை விட்டுப் போகவில்லை. அதனால் வயர் எதுவும் கடிபட்டிருக்கிறதா என்று தினமும் ஏறுவதற்கு முன் ஜெயப்பிரியா சீட்டைத் தூக்கிப் பார்க்கிறாள். பேரி மரத்துக்குப் பக்கத்தில் மேடு ஏறும்போது சில நாள் சீட்டு எம்பி இஞ்சின் அணைந்துபோகும். அவள் மறுபடி ஸ்டார்ட் செய்துகொள்கிறாள். இஞ்சின் நின்ற பிறகு அழகம்மாள் சாக்கோடு உள்ளே வருகிறாள். மாடு பால் கறக்கிறது.